கேட்காமல் விட்ட கேள்விக்கும் சேர்த்து நன்றி

அன்புடையீர்,

இந்த மடலில் யாருடைய பெயரும் இல்லை. பெயர் போடக் கூடாது என்பது என் மகளின் கட்டளை. எழுதி முடித்ததும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை நீக்கச் சொன்னாள், நீக்கிவிட்டேன். ஓர் இடத்தைச் சேர்க்கச் சொன்னாள். அதைச் சேர்க்கத்தான் எனக்குக் கை நடுங்கியது.

நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, 2006-இல் திருமணமாகிக் கனடா வந்தவள். மகள் இங்கேயே பிறந்தவள். இப்போது பதினாறு வயது. சென்ற மாரிகாலத்தில் ஐந்து வாரம் ரொறன்ரோ வைத்தியசாலை ஒன்றில், பதின்ம வயதினருக்கான உளநலப் பிரிவில் இருந்தாள். எங்கள் சனம் இதைப் 'பிள்ளைக்குச் சுகமில்லை' என்று இரண்டு சொல்லில் மூடிவிடும். நானும் மூடினேன். ஒரு கலியாண வீட்டில் காய்ச்சல் என்றுகூடச் சொன்னேன். காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? அதனால்தான் இப்போது பகிரங்கமாக எழுதுகிறேன்.

முதல் நன்றி உரைபெயர்ப்பாளராக வந்த அக்காவுக்கு. நீங்கள் அறைக்குள் வந்தீர்கள், வணக்கம் சொன்னீர்கள், இங்கே பேசுவது எதுவும் இந்தக் கதவைத் தாண்டாது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள். நான் அடுத்த கேள்விக்காகப் பயந்துகொண்டு காத்திருந்தேன். எங்கள் ஆட்கள் இருவர் முதன்முதலாகச் சந்தித்தால் வரும் கேள்வி ஒன்றுதான்: 'ஊரில் எவ்விடம்?' ஊரைச் சொன்னால் குறிச்சி கேட்பார்கள். குறிச்சியைச் சொன்னால் இன்னாரின் மகளா என்பார்கள். பிறகு சாதி தெரியும், அதற்கும் பிறகு என் மகள் எந்த வைத்தியசாலையில் இருக்கிறாள் என்பது மொன்றியல் வரை தெரியும். ஐந்து வாரமும் நீங்கள் அதைக் கேட்கவேயில்லை. நீங்கள் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான் என்னைப் பேசவைத்தது.

இன்னொன்றும் செய்தீர்கள். 'பிள்ளை யோசித்து யோசித்தே இப்படி ஆகிவிட்டாள், எனக்கும் ஒரே யோசனை' என்று நான் சொன்னபோது, உடனே ஆங்கிலத்தில் மாற்றாமல் நிறுத்தினீர்கள். இந்தச் சொல்லை விளக்கிச் சொல்லட்டுமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் யோசனை என்றால் சிந்திப்பது மட்டும் அல்ல, கவலையும் பயமும் நித்திரை இல்லாமையும் அதற்குள் இருக்கின்றன என்று டொக்டருக்குச் சொன்னீர்கள். (தமிழ்நாட்டில் 'நல்ல யோசனை' என்றால் பாராட்டாம். அந்தப் பொருளில் எடுத்திருந்தால் என் கதை எங்கே போயிருக்கும்!) டொக்டர் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு, சிம்பாப்வேயின் ஷோனா மக்களும் இதே போல அளவுக்கு மீறி யோசிப்பதையே நோயின் பெயராக வைத்திருக்கிறார்கள் என்றார். அவர்கள் அதைக் குஃபுங்கிசிசா என்கிறார்கள்; அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறி கையேட்டில் அந்தச் சொல் இடம்பெற்றிருக்கிறதாம். என் அம்மா வாய்க்கு வாய் சொன்ன சொல்லுக்கு ஆப்பிரிக்காவில் ஓர் உறவு இருப்பது அன்றுதான் தெரிந்தது.

டொக்டர், அடுத்தது உங்களுக்கு. அதே கையேட்டில் பதினாறு கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணல் ஒன்று இருக்கிறது என்றும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் தனியே ஓர் இணைப்பு இருக்கிறது என்றும் சொன்னீர்கள். எனக்கு அதெல்லாம் பரீட்சை போலத்தான் பட்டது. ஆனால் நீங்கள் கேட்ட விதம் வேறு. 'இதை ஒரு வைத்தியரிடம் சொல்வது போல வேண்டாம், உங்கள் வீட்டு ஆட்களுக்கு எப்படிச் சொல்வீர்கள்?' என்றீர்கள். என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள் என்றும் கேட்டீர்கள். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நாவூறு கழித்ததையும், கோயிலில் நூல் கட்டியதையும் சொன்னேன். சிரிப்பீர்கள் என்று பார்த்தேன். அந்த நூல் இப்போதும் கையில் இருக்கிறதா, அதைக் கழற்றாமல் பார்த்துக்கொள்ளலாமா என்று மகளிடம் கேட்டீர்கள். (நூல் கட்டிய ஐயருக்கும் இங்கேயே நன்றி. 'குளிசையை விடவேண்டாம், நூல் பாட்டுக்கு இருக்கட்டும்' என்று சொல்லி அனுப்பியவர் அவர்.)

இனி, மகள் சேர்க்கச் சொன்ன இடம்.

உங்களிடம் வருவதற்கு முன்பு வேறோர் இடத்துக்குப் போயிருந்தோம். அங்கே உரைபெயர்ப்பாளர் இல்லை; மகளே சொல்லட்டும் என்றார்கள். எங்களுக்கும் அது வழக்கம்தான், வித்தியாசமாகப் படவில்லை. அவர்கள் என்னைப் பார்த்து ஏதோ சுற்றிவளைத்து வேகமாகக் கேட்டார்கள். மகள் என் பக்கம் திரும்பி, 'சாப்பாடு எப்படி என்று கேட்கிறார்' என்றாள். 'முன்பைவிடக் குறைவுதான், ஆனால் சமாளிக்கலாம்' என்றேன். மகள் அதற்கு ஏதோ சொன்னாள், அவர்கள் எழுதிக்கொண்டார்கள். இவள் உயிரை விடுவது பற்றி வீட்டில் பேசியிருக்கிறாளா என்பதுதான் அவர்கள் என்னிடம் கேட்டது என்று, நான்கு மாதம் கழித்து அவளே சொன்னாள். 'அதை உங்களிடம் நான் எப்படி அம்மா சொல்வது?' என்றாள்.

அதே இடத்தில்தான், தமிழ்க் குடும்பங்களில் கண்டிப்பு அதிகம், அதனால் வரும் அழுத்தம் இது என்று எங்களைக் கேட்காமலே முடிவு கட்டினார்கள். கண்டிப்பு இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் மகள் கேட்டாள்: 'நான் தமிழ் என்பதுதான் என் வருத்தமா?' பண்பாட்டைக் கண்டுகொள்ளாமல் விடுவது ஒரு பிழை என்றால், ஆளைப் பார்க்காமல் பண்பாட்டை மட்டும் பார்ப்பதும் பிழைதான் என்பதை நான் அன்று அவள் முகத்தில் பார்த்தேன்.

அதனால்தான் டொக்டர், நீங்கள் அவளிடம் 'உன்னைப் பற்றி உனக்கு முக்கியமானது எது?' என்று கேட்டபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். தமிழ் என்பாளா, கனடியன் என்பாளா? இரண்டும் இல்லை. 'எங்கள் வீட்டுக் கடிதங்களை வாசிப்பவள்' என்றாள். எட்டு வயதில் தொடங்கியது அது. வங்கிக் கடிதம், வரிக் கடிதம், வாடகைக் கடிதம். தகப்பனுக்குத் தொழிற்சாலையில் தோள்பட்டை அடிபட்ட பிறகு வாரம் இரண்டு கடிதம். எதிலாவது பிழையாகச் சொல்லிவிட்டால் வீடே போய்விடும் என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நாங்களோ கெட்டிக்காரி என்று சொந்தங்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தோம்.

என்னையும் கேட்டீர்கள், அவள் வயதில் நான் எங்கே இருந்தேன் என்று. அப்போது அவளுக்குப் பதினைந்து. பதினைந்து வேண்டாம், பன்னிரண்டைச் சொல்கிறேன் என்றேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் வீடுகளை விட்டு வெளிக்கிட்டது. மழை. நாவற்குழிப் பக்கம் தெருவில் கால் வைக்க இடமில்லாத சனம், இரண்டு எட்டு வைத்தால் அரை மணி நேரம் நிற்க வேண்டும். தம்பி என் இடுப்பில் இருந்தான். இதை மகளுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. பிள்ளைக்கு ஏன் அந்தப் பாரம் என்றுதான். என் வாயால் தமிழில் ஒருமுறையும் அக்காவின் வாயால் ஆங்கிலத்தில் ஒருமுறையும் அவள் அன்று அதைக் கேட்டாள். ஆங்கிலத்தில் கேட்டபோதுதான் அழுதாள். ஏன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

இரவு வேலைத் தாதி அம்மா, நீங்கள் பிலிப்பைன்ஸ்காரர். மகளின் ஐந்து எழுத்துப் பெயரைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு எழுத்தாக வெட்டிவிட்டார்கள், அவளும் அதற்குப் பழகிவிட்டாள். நீங்கள் முழுப்பெயரையும் கேட்டு, வெள்ளைப் பலகையில் துண்டு துண்டாக எழுதி, மூன்று இரவு பிழையாகச் சொல்லி, நான்காம் இரவு சரியாகச் சொன்னீர்கள். வீட்டிலிருந்து புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கொண்டுவரலாம் என்றதும் நீங்கள்தான். எங்கள் மூடிப் பாத்திரம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது எங்களிடம் வழக்கமில்லை. நீங்கள் அதற்காகச் சமைக்கத் தொடங்கவும் வேண்டாம். வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் தன் பங்குக்கு ஒரு நன்றி சொல்லச் சொன்னார். ஒன்ராறியோவில் 1996 சட்டப்படி சிகிச்சைக்குச் சம்மதிக்க வயதெல்லை கிடையாது, விளங்கிக்கொள்ளும் திறன் இருந்தால் போதும், ஆகவே மகளின் சம்மதம்தான் செல்லும் என்று டொக்டர் சொன்னபோது அவர் எழுந்து போய்விட்டார். தேநீர்க் கோப்பையோடு பின்னால் வந்து அரை மணி நேரம் பக்கத்தில் நின்ற சமூகப் பணியாளருக்கு அந்த நன்றி. கடிதங்களை இப்போது பார்த்துத் தருபவரும் அவர் அறிமுகப்படுத்தியவர்தான். செவ்வாய்க்கிழமைகளில் கணவர் பையோடு போகிறார். மகள் மேசையில் கிடக்கும் உறையை இன்னமும் ஒருமுறை திருப்பிப் பார்க்கிறாள். பிறகு வைத்துவிடுகிறாள்.

குணமாகிவிட்டாளா என்று கேட்கிறார்கள். குளிசை தொடர்கிறது, மாதம் இருமுறை போகிறோம், சில காலைகளில் எழும்பமாட்டாள். அந்தக் காலைகளில் நான் வேலைக்குப் போவதில்லை.

டொக்டருக்கும் தாதி அம்மாவுக்கும் இந்த மடலின் ஆங்கிலப் படி தனியே வரும். அதை மகள் மொழிபெயர்க்கவில்லை. காசு கொடுத்துச் செய்வித்திருக்கிறோம்.

நன்றியுடன்,
ஒரு தாய்