எடைக்குப் போடாதே, சண்முகம்

கல்லிடைக்குறிச்சி
22.2.2026

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலியால் மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாய். அதுதான் சரி, கட்டிலையும் கீழேயே கொண்டு வந்துவிடு. பேத்திக்குப் பெயர் வைத்த சேதியை அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "சண்முகம் மக சின்னப் புள்ளைல்லா, அவளுக்கா புள்ள?" என்று கொஞ்ச நேரம் அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்த நீளமான பதில். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய அரசாங்க லேப்டாப் பரணில் கிடக்கிறது, எடைக்குப் போட்டுவிடலாமா என்று. போடாதே. மூன்று மாதமாக நான் இதே வேலையில்தான் இருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

அம்மா ஐப்பசி மழையில் புறவாசலில் வழுக்கி விழுந்தது உனக்குத் தெரியும். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து இப்போது வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைக்கிறாள். மற்றபடி பகல் முழுக்க உள்ளறைக் கட்டில்தான். டிவி முன்பக்கப் பட்டாசலில் இருக்கிறது. போனைக் கையில் கொடுத்தால் புரை எடுத்த கண்ணுக்கு எல்லாம் பொடிப்பொடியாகத் தெரிகிறது, பிடித்துக்கொண்டே இருக்கக் கையும் ஓய்ந்துபோகிறது. அப்போதுதான் பையன் இன்ஜினியரிங் சேர்ந்தபோது 2012-ல் வாங்கிக் கொடுத்த லேப்டாப் ஞாபகம் வந்தது. பதினைந்தரை அங்குலத் திரை. கட்டில் ஓரத்தில் ஸ்டூல் போட்டு வைத்தால் அவளுக்குப் போதும்.

எடுத்துத் தூசி தட்டினேன். இன்டெல் ஐ3, இரண்டாம் தலைமுறை. ராம் 2 ஜிபி. பழைய ரக, சுழலும் ஹார்ட் டிஸ்க். இடையில் எப்போதோ பையன் விண்டோஸ் 10 ஏற்றியிருக்கிறான். பட்டனை அழுத்திவிட்டுப் போய்க் காபி போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் அந்தப் புள்ளிகள் சுற்றிக்கொண்டேதான் இருந்தன. அந்த விண்டோஸ் 10-க்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துபோனது. விண்டோஸ் 11 இதில் முறைப்படி ஏறாது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் சில்லுகளில் பெரும்பாலானவற்றையும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத போர்டுகளையும் அது ஏற்பதில்லை. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். மூடியைக்கூடத் திறக்காமல் "இது எடைக்குத்தான் சார்" என்றான் பையன். எனக்கு மனசு ஆறவில்லை. திரையில் ஒரு புள்ளி போகவில்லை, கீபோர்டில் ஒரு எழுத்து தேயவில்லை, ஸ்பீக்கர் கணீரென்று இருக்கிறது. இதை எப்படிக் குப்பை என்று சொல்வது?

வீட்டுக்கு வந்து பின்பக்கத்தைக் கழற்றினேன். விசிறிக்குள் பஞ்சு மாதிரி தூசி அடைத்திருந்தது. பிரஷ்ஷால் எடுத்தேன். சில்லுக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் தடவும் வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது, துடைத்துப் புதிதாகப் பூசினேன். காலியாக இருந்த இன்னொரு ஸ்லாட்டில் 4 ஜிபி டிடிஆர்3 ராம், செகண்ட் ஹேண்ட். ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில், சுழலும் தட்டே இல்லாத வேகமான எஸ்எஸ்டி ஒன்று. உயிர் வந்ததில் பாதிப் பங்கு அந்த எஸ்எஸ்டிக்குத்தான். கையில் இருக்கிற காசு ஒரு பொருளுக்குத்தான் போதும் என்றால் அதை வாங்கு. பழைய டிஸ்க்கை அழிக்கவில்லை, துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன். பையனின் காலேஜ் படமெல்லாம் அதில் இருக்கிறது.

பிறகு லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளும் இயங்குதளம். அதில் பல ரகம் உண்டு. முதலில் பப்பி லினக்ஸைப் பென்டிரைவில் போட்டுப் பார்த்தேன். முழுவதும் ராமுக்குள்ளேயே ஏறி ஓடும், மின்னல் மாதிரி வேகம். ஆனால் அம்மா தினமும் பார்க்க, அதை நான் பராமரிக்க, அது தோதுப்படவில்லை. ஆன்டிஎக்ஸ் அதைவிட ஒழுங்கு, ரொம்ப லேசு. கடைசியில் எம்எக்ஸ் லினக்ஸில் நின்றேன். டெபியன் என்ற பழைய லினக்ஸ் ரகத்தின் மேல் கட்டியது, எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான முகப்பு. பட்டனை அழுத்தினால் அரை நிமிடத்தில் தயார். எழுந்து நிற்கும்போது ராமில் 700 எம்பி அளவுதான் எடுத்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டப் பதிவு ஒன்றை யூடியூபில் போட்டு அம்மா முன்னால் வைத்தேன்.

தேர் நின்றது. திடீரென்று பத்தடி தள்ளி நின்றது. மறுபடி நின்றது. மேளம் மட்டும் தடையில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தேரு இப்படியா வரும்? அசைஞ்சுல்லா வரும்" என்றாள். அவள் சின்ன வயதில் பாட்டியோடு போய் ரதவீதியில் வடம் தொட்டவள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சண்முகம்.

இன்டர்நெட்தான் மெதுவு என்று முதலில் நினைத்தேன். இல்லை. வீடியோவுக்குக் கீழே ஓடும் கோட்டில் சாம்பல் நிறம் ரொம்ப தூரம் முன்னால் போயிருந்தது, அதாவது படம் வந்து சேர்ந்துவிட்டது. வட்டம் சுற்றினால் நெட்டில் கோளாறு. சாம்பல் கோடு முன்னால் போயும் படம் வெட்டி வெட்டி வந்தால் கோளாறு பெட்டிக்குள். இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

யூடியூபில் ஓடுகிற படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் கடைசியில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தேன். 1,500 பிரேமில், அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்களில், 600-க்கு மேல் விழுந்துபோனதாகக் காட்டியது. அதே பெட்டியில் கோடெக் என்ற வரியில் விபி09 என்று இருந்தது. விஷயம் அங்கேதான்.

வீடியோவைச் சுருக்கி அனுப்பத்தான் இந்த கோடெக்குகள். எச்.264 என்பது 2003-ல் வந்த முறை. விபி9 கூகுள் 2013-ல் கொண்டு வந்தது. ஏவி1 2018-ல் வந்தது. பின்னால் வந்தவை படத்தை இன்னும் சின்னதாகச் சுருக்கும், நெட் செலவு குறையும், உரிமத்தொகையும் கிடையாது. அதனால் யூடியூப் முடிந்த இடத்திலெல்லாம் அவற்றையே கொடுக்கிறது. ஆனால் சுருக்கியதை விரிப்பது நம் பெட்டியின் வேலை. சில்லுக்குள் அதற்கென்றே ஒரு பகுதி இருந்தால் அலுங்காமல் விரித்துவிடும், இல்லாவிட்டால் மொத்தச் சில்லும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். என்னுடைய இரண்டாம் தலைமுறைச் சில்லு 2011-ல் வெளிவந்தது. எச்.264-ஐ விரிக்கும் பகுதி அதற்குள் இருக்கிறது. 2013-ல் பிறந்த விபி9 அதற்கு எப்படித் தெரியும்? இன்டெலில் விபி9-ஐ முழுதாக விரிக்கும் பகுதி வந்ததே ஏழாம் தலைமுறையில். ஏவி1-க்கு பதினோராம் தலைமுறை வர வேண்டியிருந்தது. நான் பெட்டிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். அதற்குத் தெரியாத பாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

எச்.264-லும் அதே படம் யூடியூபிடம் இருக்கிறது. கேட்டால் கொடுக்கும். ஃபயர்ஃபாக்ஸில் 'என்ஹான்ஸ்டு எச்264ஐஃபை' என்று ஒரு சின்ன நீட்டிப்பு உண்டு. அதைப் போட்டு, விபி9, ஏவி1 இரண்டையும் தடுத்துவிட்டேன். தரத்தை 720-இல் வைத்தேன். திரையே 1366-க்கு 768தான், அதற்கு மேல் கேட்பது வீண் பாரம். கோடெக் வரியில் ஏவிசி1 என்று மாறியது, அது எச்.264-இன் இன்னொரு பெயர். விழுந்த பிரேம் பத்து நிமிடத்தில் நாலோ ஐந்தோ.

மறுநாள் காலையில் அதே தேரை மறுபடி போட்டேன். முதலில் அம்மா திரும்பவில்லை. மேளத்துக்கு நடுவே ஜனங்கள் கூச்சல் போட்டு வடம் இழுக்கிற இடத்தில் தலையைத் திருப்பினாள். தேர் அசைந்து, கொஞ்சம் நின்று, சக்கரத்தில் தடி போட்டு நெம்பியதும் மறுபடி அசைந்து வந்தது. கையைத் தூக்கிக் கும்பிட்டாள். இப்போது மத்தியானம் வில்லுப்பாட்டு, சாயங்காலம் மார்கழிக் கச்சேரிப் பதிவுகள் என்று அவளே நேரம் வகுத்து வைத்திருக்கிறாள். திறந்ததும் பிரவுசர் தானாக வந்து நிற்கும்படி செய்து, திரை அணைவதையும் நிறுத்தியிருக்கிறேன். பேட்டரி செத்துவிட்டது, மாற்றவில்லை. இன்வெர்ட்டர் லைனில் செருகியிருக்கிறேன்.

இனி உன் பெட்டி. 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்த அரசாங்க இலவச லேப்டாப் திட்டத்தில், ஆரம்ப காலத்து லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது நினைவிருக்கிறதா? சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் டெபியனை வைத்து உருவாக்கியது. உன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிய பெட்டிக்குள்ளேயே லினக்ஸ் இருந்திருக்கிறது. நாம்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்கு அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

முதலில் சில்லு 64 பிட்டா, இல்லை பழைய 32 பிட் ரகமா என்று பார். விண்டோஸ் 32 பிட் என்று காட்டினால் உடனே மனசு விடாதே. 2 ஜிபி ராம் என்பதால் 64 பிட் சில்லிலும் 32 பிட் விண்டோஸ் போட்டுக் கொடுப்பது அப்போது வழக்கம். சில்லின் பெயரை நெட்டில் போட்டு அது 64 பிட்டா என்று தேடு. நிஜமாகவே 32 பிட் சில்லு என்றால் வீடியோ ஆசையை விட்டுவிடலாம். குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-லும் அதற்கு நிறுவி கிடையாது. அப்படியானால் பாட்டுக் கேட்கவும் எழுதவும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ரொம்ப நாள் பரணில் கிடந்த பெட்டி என்றால் கடிகார பேட்டரியும் தீர்ந்திருக்கும். தேதி பழைய வருஷத்துக்குப் போய் நிற்கும், எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பில்லை என்று பயமுறுத்தும். தளங்களின் சான்றிதழ்களைத் தேதியை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். எனக்கும் இது நடந்தது. சிஆர்2032 என்ற காசு பேட்டரிதான், ஆனால் பல லேப்டாப்களில் ஒயர் ஒட்டின ரகமாக இருக்கும், பார்த்து வாங்கு. லினக்ஸ் போட்டதும் வைஃபை தெரியவில்லை என்றால் பதறாதே. போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டால் நெட் வரும். அதை வைத்துக்கொண்டு டிரைவரை இறக்கலாம்.

காசு கட்டிப் பார்க்கும் ஓடிடி படங்கள் குரோமில் ஓடும், ஃபயர்ஃபாக்ஸிலும் அமைப்பில் ஒரு டிக் போட்டால் ஓடும். ஆனால் பூட்டுப் போட்ட படங்களை லினக்ஸுக்குப் பெரும்பாலும் குறைந்த தரத்தில்தான் அனுப்புகிறார்கள். அது நம் பெட்டியின் குறையில்லை.

சொல்ல மறந்தேனே. இந்தக் கடிதத்தை அதே லேப்டாப்பில்தான் அம்மா தூங்கும் நேரத்தில் அடிக்கிறேன். லினக்ஸில் தமிழ் 99 விசைப்பலகை மட்டுமில்லை, பழைய தட்டச்சு முறையும் இருக்கிறது. அம்பாசமுத்திரத்தில் டைப் இன்ஸ்டிடியூட்டுக்கு நாம் சைக்கிளில் போய்ப் பழகின அதே வரிசை. முதல் வார்த்தை அடித்ததுமே விரல்கள் தாமாகப் போய் உட்கார்ந்தன. உன் பெட்டியிலும் அதைப் போட்டுத் தருகிறேன்.

பங்குனியில் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குத் திருச்சி வருகிறேன். இரண்டு நாள் உன்னோடு தங்கி முடித்துக் கொடுக்கிறேன், ஸ்குரூ டிரைவர் செட்டும் பென்டிரைவும் நான் கொண்டு வருவேன். அதற்குள் நீ பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற மாடல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பு, ராம் தேடி வைக்கிறேன். சார்ஜரைத் தேடி எடுத்து அதோடேயே சேர்த்துக் கட்டி வை. மகளின் படம் ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

உன்,
வேலாயுதம்