குதிகாலுக்கு அடியில் பிளேட் வைக்கும் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜிம் மாஸ்டர்களுக்கும், ஜிம் நடத்தும் அண்ணன்களுக்கும் வணக்கம்.

பன்னிரண்டு வருடமாக மூன்று ஊர்களில் மாறி மாறிச் சந்தா கட்டி வருபவன் எழுதுகிறேன். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜிம்மின் பெயர் வேண்டாம், எந்த ஜிம்மிலும் நடக்கக்கூடியதுதான்.

தோளில் 60 கிலோ ராடை வைத்து ஸ்குவாட், அதாவது உட்கார்ந்து எழும் பயிற்சி, செய்துகொண்டிருந்தேன். "குதிகால் தூக்குது பாருங்க சார்" என்று சொல்லி, மாஸ்டர் ராடில் மாட்டும் 2.5 கிலோ இரும்பு பிளேட்டுகள் இரண்டைக் காலாலேயே தள்ளி என் குதிகாலுக்கு அடியில் விட்டார். மூன்று ரெப் (முறை) ஒழுங்காகப் போனது. நாலாவதில் எழும்போது வலது பிளேட் டைல்ஸ் மேல் சர்ரென்று பின்னால் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு குதிகால் தரையில், இன்னொன்று மேலே. ராடு வலப்பக்கம் சாய்ந்து, அதைத் தாங்கும் சட்டமான ராக்கின் குறுக்குக் கம்பியில் டங்கென்று மோதி நின்றது. அந்தக் கம்பி மட்டும் இல்லையென்றால் இந்த மடலைப் படுத்துக்கொண்டுதான் எழுதியிருப்பேன்.

"பேலன்ஸ் பத்தலை சார்" என்றார் மாஸ்டர்.

பேலன்ஸ் இல்லை மாஸ்டர், பிளேட். அதற்காகக் குதிகாலை உயர்த்துவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. உயர்த்தலாம், பலருக்கு உயர்த்தத்தான் வேண்டும். எதன் மேல் உயர்த்துகிறோம், யாருக்கு உயர்த்துகிறோம் என்பதில்தான் என் சண்டை.

ஸ்குவாட்டில் கீழே இறங்க இறங்க இடுப்பு பின்னால் போகிறது. ராடு பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே நிற்க வேண்டுமென்றால் முழங்கால் முன்னால் வந்தாக வேண்டும். அதற்குக் கணுக்கால் மடங்க வேண்டும். மடங்காதவருக்கு இரண்டே வழி: முதுகைக் கவிழ்த்துக்கொண்டு இறங்குவது, அல்லது குதிகாலைத் தூக்குவது. தானாகத் தூக்கிக்கொண்ட குதிகால் அந்தரத்தில் நிற்கிறது, பாரம் முழுக்க விரல் பக்கம் ஓடிவிடுகிறது. அது ஆபத்து, நீங்கள் திட்டுவது நியாயம். ஆனால் குதிகாலுக்கு அடியில் அசையாத, அமுங்காத ஒன்றை வைத்தால் பாரம் மறுபடி பாதம் முழுவதும் பரவுகிறது. கணுக்கால் கொஞ்சம் மடங்கினாலே போதும், நெஞ்சு நிமிர்ந்தபடி ஆழமாக இறங்கலாம். இரண்டையும் "குதிகால் தூக்கறது" என்ற ஒரே பேரில் சொல்வதால்தான் புதிதாக வருகிற பையன் குழம்பிப் போகிறான்.

நம் பஸ்கியை நினைத்துப் பாருங்கள். இறங்கும்போது குதிகால் மேலே போகும். தாத்தா காலத்து உஸ்தாத் (பயிற்சி ஆசான்) யாரும் அதைக் குறை சொன்னதில்லை, தோளில் பாரம் இல்லையே. மேலைநாட்டிலும் அப்போது முன்னங்காலில் நின்று உட்கார்ந்து எழுவதுதான் வழக்கம். 1921-ல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன ஹென்றி ஸ்டைன்பார்ன் பெரிய பாரத்தோடு பாதத்தைத் தரையில் பதித்துச் செய்து காட்டிய பிறகே அங்கே அது பரவியது. பளுதூக்குபவர்களோ குதியை ஷூவுக்குள்ளேயே உயர்த்திக்கொண்டார்கள். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கிய மாதிரி மேடைகளில் ஏறுகிறவர்களின் காலைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லோர் ஷூவிலும் குதி 2 செ.மீ. அளவுக்கு உயர்ந்திருக்கும், கல் மாதிரி கெட்டியாக. ஓடுவதற்கான ஷூவிலும் குதி உயரம்தான், ஆனால் அது மெத்தை. 80 கிலோவைத் தோளில் வைத்தால் அமுங்கி ஆடும்.

இன்னொரு கட்டளையும் உங்களிடம் உண்டு: "முட்டி விரலைத் தாண்டக் கூடாது." 2003-ல் உடற்பயிற்சி ஆய்வாளர் ஆண்ட்ரூ ஃப்ரை குழுவினர் இதை ஏழு ஆண்களிடம் அளந்து பார்த்தார்கள். முன்னால் பலகை வைத்து முட்டியைத் தடுத்தபோது முட்டி மீதான திருப்பு விசை (மூட்டைத் திருப்பப் பார்க்கும் விசை) சராசரியாக 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117 ஆகக் குறைந்தது. இடுப்பு மூட்டில் அதுவே 28-லிருந்து 303-க்கு ஏறியது. முட்டியைக் காப்பாற்றப் போய் இடுப்பின் தலையில் கட்டுகிறோம். குதிகாலை உயர்த்தினால் முட்டி இன்னும் முன்னால் வரும், முன்தொடைக்கும் முட்டிக்கும் வேலை கூடும் என்பதும் உண்மைதான். ஆகவே முட்டிச் சில்லில் ஏற்கெனவே வலி உள்ளவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு உயர்த்தாதீர்கள். மற்றவர்களுக்கும் முதல் வாரம் வெயிட்டைக் குறையுங்கள்.

யாருக்குத் தேவை என்று பார்க்க அரை நிமிடம் போதும். சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளிக் கட்டைவிரலை வைத்து, குதிகால் எழும்பாமல் முட்டியால் சுவரைத் தொடச் சொல்லுங்கள். இரண்டு காலையும் தனித்தனியாகப் பாருங்கள். எனக்கு இடது கால் தொட்டது, வலது கால் தொடவில்லை. எப்போதோ பைக்கிலிருந்து விழுந்து பிசகிய கணுக்கால் அது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு மாஸ்டரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சிலருக்குக் கணுக்கால் நன்றாக மடங்கும், தொடை எலும்புதான் நீளம். அவர்கள் கொஞ்சம் கவிழத்தான் செய்வார்கள், விட்டுவிடுங்கள். சின்ன வயதிலிருந்து குத்தவைத்து உட்கார்ந்து பழகியவருக்குப் பெரும்பாலும் எதுவும் தேவைப்படாது.

தேவைப்படுகிறவருக்கு ஒரு பலகை செய்து வையுங்கள். பிளேட் வழுக்கிய மறுநாள் தெரு முனைத் தச்சரிடம் போய், "ஆப்பு மாதிரி ஒரு பலகை வேணும்ணே" என்றேன். "யாருக்கு சார் வைக்கப் போறீங்க?" என்றார். இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலம், பின்பக்கம் ஒன்றே கால் அங்குல உயரம், முன்பக்கம் சரிந்து தரையோடு தரையாக. இரண்டு காலும் ஒரே பலகையில் நிற்பதால் ஒன்று மட்டும் நழுவ வழியில்லை. பிளேட்டில் நின்றால் குதிகால் மட்டும் மேலே இருக்கும், பாதத்தின் நடுப்பகுதிக்கு ஆதாரமே இல்லை. சரிவான பலகையில் விரலிலிருந்து குதி வரை தாங்கல் கிடைக்கிறது. அடியில் ரப்பர் ஷீட், மேலே உப்புத்தாள் ஒட்டினேன். ஒரு மாதச் சந்தாவை விடக் குறைவாகவே செலவானது.

இதோடு கெண்டைக்காலை இழுத்துவிடும் பயிற்சியையும் தினம் கொடுங்கள். கணுக்கால் இளகினால் பலகை தேவைப்படாமலே போகலாம். தேவைப்பட்டுக்கொண்டே இருந்தாலும் குற்றமில்லை.

பலகையை இப்போது நான் போகும் ஜிம்மிலேயே ராக் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். யாரோ மார்க்கரில் அதன் மேல் 'ஆப்பு' என்று எழுதிவிட்டார்கள். பிளேட்டுகள் ஸ்டாண்டுக்குத் திரும்பிவிட்டன.

இப்படிக்கு,
காலை 6 மணி பேட்ச் ஆள் ஒருவன்