சவுசவுத் துறையில் நிற்கும் மகளுக்கு

தூத்துக்குடி
அக்டோபர் 14

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

மாதாவின் தயவால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் ஜெபமாலை சொல்கிறாள். மணப்பாட்டுச் சித்தி வீட்டுக் கல்யாணம் தைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. மாடியில் ஒழுகிய இடத்தைக் கொத்திப் பூசியாயிற்று. ஊர்ச் செய்தி இன்னும் உண்டு. அதையெல்லாம் எழுத இப்போது மனம் ஓடவில்லை.

மாப்பிள்ளை என் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்த வரைபடத்தைத்தான் காலையில் எழுந்ததும் பார்க்கிறேன். மே மாதம் நியூசிலாந்தின் ஓபுவாவிலிருந்து நீங்கள் பாய் விரித்த நாள் முதல், அந்தச் சிவப்புப் புள்ளி போன இடமெல்லாம் என் கண்ணும் கூடவே போயிருக்கிறது. இன்றோடு பத்தொன்பது நாளாக அது பிஜியில் சவுசவுத் துறையில் ஒரே இடத்தில் நிற்கிறது. நல்ல துறை கிடைத்தால் நாலு நாள் தங்கிக் கிழிந்த பாயைத் தைப்பதும், தண்ணீர் பிடித்துக்கொள்வதும், பிள்ளைகளைத் தரையில் ஓடவிடுவதும் வழக்கம்தான். இருபத்திரண்டு வருடம் தோணியில் கிடந்த எனக்கு அது தெரியாததல்ல. ஒரு சின்னத் தீவு அந்தத் துறைக்கு முன்னால் மறைப்பாக நிற்கிறது என்றும், அலையே அடிப்பதில்லை என்றும் நீ சொல்லியிருக்கிறாய். நிற்பது நல்ல இடம்தான். காலம்தான் நல்ல காலமாக இல்லை.

இங்கே ஐப்பசி பிறக்கப் போகிறது. அந்தக் கடலில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல்காலம் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவளே நீதான். 2016 பிப்ரவரி 20-ஆம் தேதி வின்ஸ்டன் புயல் அடித்து பிஜியில் 44 பேர் இறந்ததையும், சவுசவுவுக்குத் தெற்கே இருக்கும் கோரோ தீவில் ஊர் ஊராக வீடுகள் தரைமட்டமானதையும் போன வருடம் நீ சொன்னபோது, நான் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது எனக்குப் பதினாலு வயது. பாம்பனிலிருந்து போன ரயில் ஆட்களோடு தண்ணீருக்குள் போன செய்தி இங்கே வந்ததும், எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் அழுகை எழுந்ததும் இன்னும் காதில் நிற்கிறது. புயல் வருமென்று தெரிந்த பிறகு முடிவெடுக்க நேரம் இருக்காது மகளே. நியூசிலாந்துக்குத் திரும்புவதென்றால் ஆயிரம் கடல் மைலுக்கு மேல் ஓட வேண்டும். அதற்கு இந்த மாதக் கடைசிக்குள் நல்ல காற்று பார்த்துப் புறப்பட வேண்டும். பிஜியிலேயே தங்குவதென்றால், லௌடோக்காவுக்குப் பக்கத்தில் வூண்டாவில் தரையில் குழி வெட்டிப் படகின் அடிப்பாகத்தை அதற்குள் இறக்கி, சுற்றிலும் டயரை அண்டை கொடுத்துக் கட்டி வைக்கிறார்களே, அங்கே இடம் சொல்லி வைக்க வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம். ஒன்றும் செய்யாமல் நிற்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

எந்தப் பக்கம் ஓடினாலும் இரவில் மேல்தட்டுக்கு வருகிறவர்கள் இடுப்பில் கயிறு மாட்டியிருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பகலிலும் வேண்டும்.

உன்னைக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. உன்னை நினைத்து நான் பெருமைப்படாத நாள் இல்லை. மினர்வாப் பவளத்திட்டுக்குள் நீ படகைக் கொண்டுபோனதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய். சுற்றிலும் கரையே கிடையாது. கடல் ஏற்றத்தில் திட்டு முழுவதும் தண்ணீருக்குள் போய்விடுகிறது. நடுக்கடலில் குளம் கட்டியதுபோல் ஓர் இடம். சூரியன் முதுகுப்பக்கம் உயர்ந்து நிற்கும் நேரம் பார்த்து, மூத்தவளைப் படகின் முன்முனையான அணியத்தில் நிறுத்தி, நீலம் எங்கே, பச்சை எங்கே, பழுப்பு எங்கே என்று அவள் சொல்லச் சொல்ல நீ சுக்கானைத் திருப்பினாய். மாலத்தீவில் நாங்கள் திட்டுக்குள் நுழைவதும் அப்படித்தான். நான் உனக்கு அதைச் சொல்லித் தந்ததே இல்லை. எட்டு நாள் படகில் படித்துக்கொண்டதுபோல் நீ செய்ததைப் பார்த்து, அந்தப் படத்தைப் தோணி ஓட்டிய பழைய தண்டல்கள் நாலு பேரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பிஜியில் ஒவ்வொரு ஊரிலும் இறங்கியவுடன் பானம் கரைக்கும் யங்கோனா வேர்க்கட்டையை ஊர்த்தலைவர் முன் வைத்து அனுமதி கேட்ட பிறகுதான் நடமாடுகிறீர்கள் என்பதைக் கேட்டு அம்மாவுக்கு மிகுந்த சந்தோஷம். டோங்காவின் வவாவுவில் திமிங்கிலம் தன் குட்டியோடு உங்கள் படகுக்குக் கீழே போனதை அவள் பங்குச் சாமியாரிடம்கூடச் சொல்லிவிட்டாள்.

நியூசிலாந்தின் வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தத் தமிழ் மணியின் படத்தை மூத்தவள் எனக்குப் படித்துக் காட்டினாளே, அதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1836 வாக்கில் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்தபோது மாவோரி மக்கள் அதில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பல் மணி என்று அதன் விளிம்பில் பொறித்திருப்பதை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி அவள் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எந்தத் துறையிலிருந்து புறப்பட்ட கப்பலோ, எங்கே உடைந்ததோ, அந்த மாலுமிகளின் வீட்டில் எத்தனை வருடம் காத்திருந்தார்களோ, யாரும் அறியார்.

ஆனால் நீ எனக்கு நல்லதை மட்டுமே எழுதுகிறாய். ஜூன் மாதம் மினர்வாவிலிருந்து எழுதியதில்தான் ஒரு கெட்ட செய்தி இருந்தது; அதுவும் ஊரார் கதை. 1962-இல் தென் மினர்வாத் திட்டில் மோதிய டோங்காப் படகைப் பற்றியது. அந்தத் திட்டில் தட்டிக் கிடந்த பழைய ஜப்பானிய மீன்பிடிக் கப்பலுக்குள் அவர்கள் மூன்று மாதத்துக்கு மேல் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்ததும், கடைசியில் தலைவர் டெவிட்டா ஃபிஃபிட்டா உடைந்த பலகைகளைக் கொண்டு சின்னப் படகொன்று கட்டி, மகனையும் தச்சரையும் ஏற்றிக்கொண்டு கண்டாவு தீவுவரை வந்துசேர்ந்ததும், கரை கண்ணுக்குத் தெரிந்த பிறகு நீந்திப் போகையில் மகன் மூழ்கிப்போனதும் நீ எழுதியிருந்தாய். அந்தத் தகப்பன் கரையேறி மற்றவர்களைக் காப்பாற்ற ஆள் அனுப்பினான் என்பதோடு முடித்திருந்தாய். அதற்குப் பிறகு அவன் எத்தனை வருடம் இருந்தானோ, அந்த வருடங்களைத்தான் நான் நினைத்தேன்.

வவாவுவிலிருந்து சவுசவுவுக்கு நீங்கள் ஓடிய தூரத்தை நூல் வைத்து அளந்தேன். ஏறக்குறைய 400 கடல் மைல் வருகிறது. இங்கிருந்து மாலேக்கு நான் ஓடிய தூரமும் அதுதான். வழியில் லாவு தீவுக்கூட்டம், விளக்கில்லாத பவளத்திட்டுகள். அந்த ஓட்டம் முடிந்து நீ பேசிய அன்று போனை முதலில் எடுத்தவள் மூத்தவள். “தாத்தா, ராத்திரி நான்தான் சுக்கான் பிடித்தேன், அம்மா முன்னால் ஓடிவிட்டாள், தம்பி…” என்றாள். உடனே நீ போனை வாங்கிக்கொண்டாய். சவுசவுவில் கடற்கரையோரம் கொதிநீர் ஊற்று இருப்பதையும், ஊர்மக்கள் பானையை அதில் வைத்துக் கிழங்கு வேகவைப்பதையும் நெடுநேரம் சொன்னாய். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். சின்னவனைப் பேசச் சொன்னதற்குத் தூங்குகிறான் என்றாய். அப்போது உங்களுக்கு மாலை நாலு மணி. எப்போது பேசினாலும், துருவ நட்சத்திரம் இன்றைக்காவது தெரியுமா தாத்தா என்று கேட்பவன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே அது தெரியாது, உங்களுக்குத் தெற்குச் சிலுவை இருக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும் மறுபடி கேட்பவன். அன்று அவன் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீ பேசவில்லை. வரும் குறுஞ்செய்தியில் நலம் என்ற ஒரு சொல்தான் இருக்கிறது.

கயிற்றைப் பற்றி மறுபடி சொல்கிறேன். நீ அலுத்துக்கொள்வாய் என்று தெரியும். கடல் அமைதியாக இருக்கிறது, ஒரு நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்று தோன்றும் நேரத்தில்தான் அதை மாட்ட வேண்டும். மாட்டுகிற கொக்கி துருப்பிடித்திருக்கிறதா என்று பகலில் பார்த்துவைக்க வேண்டும்.

இந்தக் கயிற்றை நான் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நீ கேட்டதில்லை. நான் தோணியை விட்டது, இஞ்சின் வந்து பாய்த்தோணிக்கு வாடகை குறைந்ததனால் என்றுதான் உன்னிடமும் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

1989 ஐப்பசியில் மாலேயில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். தோணியில் சமைக்கும் பண்டாரிக்குக் கையாளாகப் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான்; நம் பழைய வீட்டுக்குப் பின்தெருதான். அன்று பகல் முழுவதும் அவன் ஒரு கயிற்றின் முனையைப் பிரித்துப் பிரித்துப் பின்னி, தன் இடுப்பு அளவுக்குக் கண்ணி போட்டு, சரியாக இருக்கிறதா என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினான். இழுத்துப் பார்த்தேன், நல்ல பின்னல். அதை அவன் அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவைத்தான். இரவு திடீரென்று வாடை சீறிக்கொண்டு வந்தது. முன்பாயை இறக்க வேண்டியிருந்தது. அணியத்துக்கு அவனை ஓடச் சொன்னேன். கயிற்றை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றான். நேரமில்லை, ஓடு என்று கத்தினேன். இரண்டாவது அலைக்குப் பிறகு அவன் அங்கே இல்லை. விடியும்வரை அந்த இடத்தையே சுற்றினோம்.

கரை தெரிந்த அன்று காலையில், மற்றவர்கள் பார்க்காத நேரத்தில், ஆணியில் தொங்கிய அந்தக் கயிற்றை எடுத்து நான் கடலில் போட்டேன். அவன் தாயிடம் போய், கயிறு கட்டிக்கொள்ளச் சொன்னேன், பிள்ளை கேட்கவில்லை என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள்மேல் குற்றமில்லை அண்ணே என்றாள். அதற்குப் பிறகு அவள் இறக்கும்வரை, பன்னிரண்டு வருடம், ஞாயிறுதோறும் கோயிலில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. அடுத்த ஓட்டத்துக்குத் தோணியில் ஏறியபோது கால் நடுங்கியது. உடம்பு சரியில்லை என்று இறங்கியவன்தான். நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. அப்பா வீட்டிலேயே இருக்கப்போகிறார் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாய். தோணியில் என்னையும் கூட்டிப் போங்கள் என்று நீ அழுதபோதெல்லாம் பெண்பிள்ளைகள் ஏறக்கூடாது என்று அடக்கியதும் அந்த நடுக்கத்தினால்தான். வேறு எந்தச் சாத்திரமும் அதில் இல்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு கேட்காமல் இருக்க முடியாது. அன்று இரவு சின்னவன் தண்ணீரில் விழுந்தானா? அவன் இடுப்பில் கயிறு இருந்ததா? மாப்பிள்ளை அப்போது எங்கே இருந்தார் என்றோ, பதினோரு வயதுப் பிள்ளையிடம் ஏன் சுக்கானைக் கொடுத்தாய் என்றோ கேட்க எனக்கு அருகதை இல்லை, கேட்கவும் மாட்டேன். மறுபடி நங்கூரத்தைத் தூக்க உனக்குக் கை வரவில்லையென்றால், படகை அந்தத் துறையிலேயே ஆள் வைத்துக் கட்டிவிட்டுப் பிள்ளைகளோடு விமானத்தில் ஏறு. அந்தப் படகுக்கு நீங்கள் எவ்வளவு சேர்த்துவைத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கையால் எழுதி நானே படம் பிடித்து அனுப்புகிறேன். அம்மாவுக்கு இதில் எதுவும் தெரியாது. எனக்கு நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அப்போது உங்களுக்குக் காலை பத்தரை. அம்மா ஐந்தரைப் பூசை மணிக்குத்தான் எழுந்திருப்பாள். அந்த ஒன்றரை மணி நேரமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்
அப்பா