கோல்ஃப் செட்டைக் கொடுத்துவிடாதே, முதலில் கிரிப்பை மாற்று

மாப்ள,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. பெரியவளுக்குக் கோயம்புத்தூரிலேயே வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரைத் தானே படிக்கிறாள். சரி, கடைசிப் பத்தியில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, விரல் மூட்டெல்லாம் வலிக்கிறது, காலையில் ஊட்டி ஜிம்கானாவில் கோல்ஃப் ஆட, பந்தடிக்கிற கிளப்பைப் பிடித்தால் விறகுக்கட்டை மாதிரி இருக்கிறது, செட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று, அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கொடுக்காதே. அதில் பாதித் தப்பு என்னுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் என் கிளப்புகளுக்குக் கைப்பிடி உறையாகப் போட்டிருந்த அதே நூல் கலந்த கார்டு கிரிப்பைத்தானே உன்னையும் போடச் சொன்னேன். நான் ஆடுவது சென்னை நந்தனத்தில். மே மாதம் ஏழு மணிக்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும், மூன்றாவது ஹோலை முடிப்பதற்குள் கையுறை நனைந்துவிடும். கார்டு கிரிப்பில் ரப்பருக்குள் பருத்தி நூல் ஓடுகிறது, அந்த நூல் மேலே லேசாகத் துருத்திக்கொண்டு இருப்பதால் எவ்வளவு வியர்த்தாலும் கிளப் நழுவாது. அதனால் எனக்கு அது உயிர். ஆனால் உனக்கு வியர்வையே கிடையாதே, நீ இருப்பது ஏழாயிரம் அடிக்கு மேலே. குளிரில் ரப்பர் இறுகும், விரலும் விறைக்கும், அதோடு அந்தச் சொரசொரப்பும் சேர்ந்தால் கை தன்னால் இறுக்கிப் பிடிக்கத்தான் செய்யும். இதை அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

இப்போது உனக்கு வேண்டியது மெத்தென்ற ஒன்று. கோல்ஃப் பிரைடு கம்பெனியின் டூர் வெல்வெட் நூல் இல்லாத வெறும் ரப்பர், ரொம்ப மெதுவும் இல்லை ரொம்பக் கெட்டியும் இல்லை, உலகம் முழுக்க நிறையப் பேர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது. அதைவிட மெது வேண்டுமென்றால் வின் கம்பெனியின் ட்ரை-டாக், கையில் லேசாக ஒட்டிக்கொள்ளும் பிசுபிசுப்போடு இருக்கும், அடியின் அதிர்வும் மூட்டுக்குக் குறைவாகத்தான் வரும். சீக்கிரம் தேயும், கட்டைவிரல் படுகிற இடத்தில் முதலில் குழி விழும், ஆனாலும் உன் விரலுக்கு அதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. மேல் கைக்கு நூலும் கீழ் கைக்கு வெறும் ரப்பருமாக மல்டிகாம்பவுண்ட் என்று ஒன்று இருக்கிறது. இங்கே பலர் அதைப் போடுகிறார்கள், உனக்கு அது தேவையில்லை.

மெது மட்டும் போதாது, பருமனையும் பார். இடது கையால் கிளப்பைப் பிடித்துக்கொள், நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் கட்டைவிரலடிச் சதையை லேசாகத் தொட வேண்டும். சதையில் குத்தினால் கிரிப் ஒல்லி, தொடாமல் இடைவெளி விழுந்தால் பருமன். உன் கை எனக்கு நன்றாகத் தெரியும், காலேஜில் கபடி ஆடிய கை, ஸ்டாண்டர்டு சைஸ் உனக்கு ஒல்லியாகத்தான் இருக்கும். மிட்சைஸ் என்றால் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதல், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும், கையில் பிடித்தால் வேறு கிளப் மாதிரி இருக்கும். பருமனான கிரிப்பை இறுக்க வேண்டிய அவசியம் குறைவு, மூட்டு வலிக்காரர்களுக்கு அதனால்தான் அதைச் சொல்கிறார்கள். அமெரிக்க ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போ மிகப் பருத்த ஜம்போமேக்ஸ் கிரிப்பைப் போட்டு ஆடுகிறாரே, பார்த்திருப்பாய். பருமன் கூடினால் பந்து வலப்பக்கம் ஓடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள், எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, அதற்காக வலியோடு ஆட வேண்டாம்.

ஆனால் பதினான்கு கிளப்புக்கும் ஒரேயடியாக வாங்கிவிடாதே. செவன் ஐயன் கிளப்பில் மட்டும் ஒன்றைப் போட்டு இரண்டு வாரம் ஆடு. கடையில் நின்று அமுக்கிப் பார்ப்பதெல்லாம் கணக்கில்லை, ஏ.சி. அறையில் எல்லாக் கிரிப்பும் நன்றாகத்தான் இருக்கும். பனி ஈரம் இருக்கும் காலையில் பிடி, வெயில் ஏறினதும் பிடி, கையுறை இல்லாமலும் பிடி.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை, போன ஞாயிறு பால்கனியில் உட்கார்ந்து என் வெட்ஜ் கிளப்புக்கு நானே மாட்டினேன். கொக்கி பிளேடால் பழையதை நீளவாக்கில் கீறினால் வாழைத்தண்டுப் பட்டை மாதிரி உரிந்து வருகிறது (கிளப்பின் தண்டு கிராஃபைட்டாக இருந்தால் ஜாக்கிரதை, பிளேடு படக் கூடாது). பழைய டேப்பைச் சுரண்டி, புது இரட்டைப்பக்க டேப்பைச் சுற்றி, கிரிப்பின் நுனி ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு உள்ளே மினரல் டர்பன்டைன் ஊற்றிக் குலுக்கி, அதையே டேப் மேலும் வழியவிட்டு, தயங்காமல் ஒரே தள்ளு. பாதியில் நின்றால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். உள்ளே போன பிறகும் ஒரு நிமிஷம் வழுக்கலாகவே இருக்கும், அதற்குள் கிரிப்பின் கோடு பந்தைத் தொடும் கிளப் முகத்துக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பிக்கொள்ள வேண்டும். கீழ் கைப் பக்கம் இன்னும் கொஞ்சம் பருமன் வேண்டுமென்றால் அங்கே மட்டும் இரண்டு சுற்று டேப் கூடுதலாகப் போடலாம். ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடு.

பந்தைக் குழிக்குள் தட்டும் பட்டர் கிளப்பைத் தொடாதே, அதில் உனக்கு வலி இல்லை என்றுதானே எழுதியிருக்கிறாய்.

அப்புறம் ஒன்று, இன்றைக்கே இப்போது இருக்கும் கிரிப்பையெல்லாம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, பழைய டூத்பிரஷால் தேய்த்து, நிழலில் காயவை. கை எண்ணெய் ஏறிப்போய்த்தான் பாதி கிரிப்புகள் செத்ததுபோல் ஆகின்றன. அதற்குப் பிறகும் கட்டை மாதிரியே இருக்கிறதா என்று எனக்கு எழுது. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை ஸ்கேல் வைத்து அளந்து அதையும் எழுது, உனக்கு மிட்சைஸ் ஒன்றை நானே வாங்கிக்கொண்டு பொங்கலுக்கு வருகிறேன். பிளேடும் டேப்பும் எடுத்து வருகிறேன், டர்பன்டைன் மட்டும் நீ வாங்கி வை.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்