பழைய பாகத்தைக் குப்பையில் போடாதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வாங்கி அதிக நாள் ஆகாத வண்டியில் பிரேக், பெட்ரோல் லைன், ஒயரிங் மாதிரி உயிரோடு விளையாடுகிற இடத்தில் கோளாறு என்றால், இனி பில்லோடு ஒரு சீட்டும் தருவோம். மாற்றிய பாகத்தையும் கவரில் போட்டுக் கொடுப்போம். அதை வைத்துக் கம்பெனியிடமும் அரசிடமும் எப்படிப் புகார் செய்வது என்று சொல்லத்தான் இந்த மடல்.

பிரேக் பேடு தேய்வதும் செயின் தளர்வதும் ஓட்ட ஓட்ட வருபவை. அவற்றைச் சொல்லவில்லை. விழாத, இடிபடாத, ஒழுங்காக சர்வீஸ் பார்த்த வண்டியில், பெட்ரோல் டியூப் கிளிப்புக்குப் பக்கத்திலேயே மயிரிழையாக வெடித்து, சூடான இன்ஜின் மேல் சொட்டுகிறது என்றால் அது வேறு கதை. டியூபை மாற்றினால் உங்கள் வண்டி சரியாகிவிடும். அதே டியூப் போட்டு வந்த மற்ற வண்டிகள் சாலையில்தானே ஓடிக்கொண்டிருக்கின்றன?

2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஆபத்தான குறையுள்ள வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைக்கும்படி (இதைத்தான் ரீகால் என்பார்கள்) தயாரிப்பாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். இதில் உரிமையாளர்கள் தரும் புகார்களின் எண்ணிக்கைக்கும் கணக்கு உண்டு. அதனால்தான் மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுப் போனால் போதாது என்கிறோம். எங்களிடம் சொன்னது எந்தக் கணக்கிலும் ஏறாது.

2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு 2,36,966 வண்டிகளை இக்னிஷன் காயிலுக்காக (பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் பாகம்) திரும்ப அழைத்தது. இன்ஜின் சரியாக எரியாமல் திக்கலாம் (மிஸ்ஃபயர்), அபூர்வமாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம் என்றார்கள். பத்து சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளில்தான் காயில் மாற்ற வேண்டிவரும் என்பது கம்பெனியின் கணிப்பு. இருந்தும் அத்தனையையும் கூப்பிட்டார்கள். அந்தக் குறை கம்பெனியின் சோதனையிலேயே தெரிந்துவிட்டது. எல்லாக் குறையும் அப்படிச் சிக்குவதில்லை. சில நம் மழையிலும் பள்ளத்திலும் ஓடினால்தான் வெளியே வரும்.

வாரண்டி இருந்தால் முதலில் கம்பெனி சர்வீஸுக்கே போங்கள். நாங்கள் கழற்றினால், 'வெளியில் கை வைத்துவிட்டார்கள்' என்று தட்டிக்கழிக்க இடம் கிடைக்கும். வாயால் சொல்லாமல், வண்டியை விடும்போது அவர்கள் கோளாறுகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுத வையுங்கள். தயாரிப்பாளருக்கும் மின்னஞ்சல் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். 'எல்லா வண்டியிலும் இப்படித்தான் சார் வருது' என்று யாராவது சமாதானம் சொன்னால், அதையும் அப்படியே எழுதுங்கள். புகார் செய்ய அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. அப்புறம் அரசின் வாகன் (VAHAN) இணையதளத்தில் ரீகால் பகுதியிலும் பதிவு செய்யுங்கள்.

'பிரேக் சரியில்லை' என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது, என்ன வேகம், ரோடு ஈரமா, லிவர் கைப்பிடி வரை வந்துவிட்டதா, இதையெல்லாம் எழுதுங்கள். சேசிஸ் நம்பர், தயாரிப்பு மாதம், பாகத்தின் மேலுள்ள எண், படம் எல்லாம் எங்கள் சீட்டில் இருக்கும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. திரும்ப அழைக்கும் கடிதம் பழைய உரிமையாளரின் முகவரிக்கோ போனுக்கோ போயிருக்கலாம். ஆர்.சி.யை எடுத்து வாருங்கள். சேசிஸ் நம்பரை வைத்து உங்கள் வண்டிக்கு ரீகால் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று கம்பெனியிடம் கேட்டுச் சொல்கிறோம். அதற்குக் கட்டணம் கிடையாது.

அன்புடன்,
உங்கள் ஒர்க்‌ஷாப்