அடையாளப் படத்தில் மறைந்துபோன மச்சம்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் பேத்திக்குத் தேசிய அடையாள அட்டை எடுப்பதற்காக அண்மையில் திருகோணமலை நகரிலுள்ள ஒரு ஸ்டூடியோவுக்குச் சென்றிருந்தோம். கணினித் திரையில் வந்த படத்தைப் பார்த்ததும் திகைத்துவிட்டேன். மாநிறப் பிள்ளையின் முகம் அரிசிமா பூசியதுபோல் வெளுத்திருந்தது. பிறந்தது முதல் இடது கன்னத்தில் இருக்கும் மச்சத்தைக் காணவில்லை. "நான் ஒன்றும் செய்யவில்லை ஐயா, கமராவே அப்படித்தான் எடுக்குது" என்றார் அங்கிருந்த தம்பி. அவர் சொன்னது உண்மைதான். தோலை மினுக்கி வெளுப்பாக்கும் வசதி அந்தக் கமராவில் எந்நேரமும் இயங்கிக்கொண்டிருந்தது; அதை நிறுத்தும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க எங்கள் இருவருக்கும் கால் மணி நேரம் பிடித்தது. மறுபடி எடுத்த படத்தில் மச்சம் இருந்தது.

முப்பது ஆண்டுகள் இதே தொழிலில் இருந்தவன் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. வெளிச்சத்தைத் தானே அளந்து வில்லையின் துவாரத்தை அமைத்துக்கொள்ளும் கமராவை கொடக் நிறுவனம் 1938இலேயே வெளியிட்டுவிட்டது. இன்று கையடக்கத் தொலைபேசிகூட வெளிச்சம், நிறம், குவியம் எல்லாவற்றையும் நொடிப்பொழுதில் தானே சரிசெய்துகொள்கிறது. நான் அதற்கு எதிரானவன் அல்லன். ஆனால் அந்தக் கணக்கின் அடிப்படையைப் படம் எடுப்பவர் அறிந்திருக்க வேண்டும். எதிரே உள்ள காட்சி முழுவதையும் சராசரியாக எடுத்தால் அது நடுத்தரச் சாம்பல் நிறமாக, அதாவது விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புவதாக இருக்கும் என்பதே கமராவின் அனுமானம். வெள்ளைச் சீருடையில் நாற்பது பிள்ளைகள் வரிசையாக நிற்கும் வகுப்புப் படத்தில் இந்த அனுமானம் பிழையாகிவிடுகிறது. அத்தனை வெள்ளையையும் சாம்பலாக்க முனையும் கமரா வெளிச்சத்தைக் குறைக்கிறது. சட்டைகள் மங்குகின்றன, முகங்கள் இருண்டுவிடுகின்றன. விடியற்காலையில் கோணேசர் கோவிலுக்கு வருபவர்கள் சுவாமி மலையில் கடலுக்கு முதுகு காட்டி நின்று எடுக்கும் படங்களும் இப்படித்தான். பின்னால் கடலிலிருந்து எழும் சூரியனுக்குக் கமரா ஈடுகொடுக்கும்போது, முன்னால் நிற்பவரின் முகம் கரித்துண்டாகிவிடுகிறது. முகத்தைக் கண்டறிந்து அளக்கும் புதிய கருவிகள் இதில் எவ்வளவோ மேல், என்றாலும் கடும் எதிர்வெளிச்சத்தில் அவையும் தடுமாறுவதைப் பார்க்கிறேன்.

இந்த இருட்டுக்கு மருந்தாகவே பலர் அந்த வெளுப்பாக்கும் வசதியை நாடுகிறார்கள். அது மருந்தல்ல. கறுப்பு, மண்ணிறத் தோல்களைச் சரியாகப் பதிய வைக்காத குறை பிலிம் காலத்திலேயே இருந்தது. ஆய்வுக்கூடங்களில் நிறத்தைச் சரிபார்ப்பதற்கு கொடக் அனுப்பிய 'ஷேர்லி' அட்டையில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. சொக்லேட்டும் மரத் தளபாடமும் விற்பவர்கள் தங்கள் பொருட்களின் மண்ணிறம் படத்தில் சரியாக விழவில்லை என்று முறையிட்ட பின்னரே பிலிமில் திருத்தம் வந்ததாக, இதை ஆராய்ந்த லோர்னா ரோத் எழுதியிருக்கிறார். எங்கள் தோலை உள்ளபடி காட்டுவதற்கென்று தனியாக உழைத்ததாக கூகுள் நிறுவனம் தன் தொலைபேசியைப் பற்றி அறிவித்தது 2021இல்தான். இவ்வளவு காலம் கழித்துக் கிடைத்திருக்கும் திருத்தத்தை நாமே வெளுப்புப் பூசி அழிப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. தொலைபேசியில் எடுப்பவர்கள் திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து, அருகில் தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே தள்ளினால் போதும். காலை நேரத்தில் கடலை நோக்கி ஆளைத் திருப்பி நிறுத்துவது இன்னும் நல்லது. வகுப்புப் படத்துக்கு, மேலே சொன்ன நடுத்தரச் சாம்பல் நிறத்திலான அட்டையைப் பிள்ளைகளின் முகத்தருகே பிடித்து வெளிச்சத்தை அளந்து, அந்த அளவை மாற்றாமல் எடுக்கலாம். ஸ்டூடியோக்காரர்கள் இரண்டு விளக்குகளை முகத்தின் இருபுறமும் சாய்வாக வைத்து, கமராவைக் கைமுறைக்கு மாற்றிவிட்டால் நாள் முழுவதும் ஒரே சீராகப் படம் வரும். மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் நம் மின்சாரத்தில் நொடிக்கு நூறு முறை துடிப்பதால் படத்தில் பட்டை விழும்; ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நூறில் ஒரு நொடியாக வைத்தால் அது மறைந்துவிடும்.

அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் சர்வதேச நியமப்படியே படம் கேட்கப்படுகிறது. தோலின் நிறம் இயல்பாக இருக்க வேண்டும் என்பதும் அந்த நியமத்தில் அடக்கம். ஆகவே ஸ்டூடியோக்களைப் பதிவு செய்யும் அதிகாரிகள், முகத்தை மினுக்கும் வசதி நிறுத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரும், படத்தை அனுப்புவதற்கு முன் திரையில் ஒருமுறை பார்த்து, தழும்பும் மச்சமும் இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற படப்பிடிப்பாளர் ஒருவர்,
திருகோணமலை.