மழையைக் குறை சொல்ல வேண்டாம், சிமெண்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சஃபோக் கிராமங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த பயணக் கட்டுரை, லாவன்ஹாம், கெர்சி போன்ற ஊர்களின் மரச்சட்ட வீடுகள் உளுத்துப்போவதற்கு இங்கிலாந்து மழையைக் காரணம் காட்டுகிறது. ஐந்நூறு ஆண்டு மழைக்கு அசையாமல் நின்ற வீடுகள் அவை. கடந்த நூற்றாண்டில் அவற்றின் மேல் ஏறிய சிமெண்ட் பூச்சைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டுமே கம்பளித் துணி நெசவால் வாழ்ந்த ஊர்கள். லாவன்ஹாமில் எவ்வளவு பணம் புரண்டது என்பதற்கு அங்குள்ள 141 அடி தேவாலயக் கோபுரமே சாட்சி. நெசவு நொடித்த பிறகு, பழைய வீட்டை இடித்துவிட்டுச் செங்கல்லில் கட்ட ஊராரிடம் காசு இல்லை. வறுமைதான் அந்தத் தெருக்களைக் காப்பாற்றிக் கொடுத்தது.

வீட்டின் மரச்சட்டத்துக்குக் காயாத பச்சை ஓக் மரத்தையே அறுத்துப் பொருத்தி, மர ஆணி அடித்தார்கள். மரம் காயக் காய முறுக்கிக்கொண்டது. கட்டுரையாளர் ரசித்த கோணல்களில் பெரும்பகுதி அதனால் வந்தது, அதில் ஆபத்து குறைவு. சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினார்கள். இந்தச் சுவர் நனையும், காற்றுப்பட்டதும் உலரும். சட்டம் சற்றே அசைந்தாலும் சுண்ணாம்புப் பூச்சு ஓரளவு இசைந்துகொடுக்கும்.

சிமெண்ட் இசையாது. மரம் அசைந்ததும் மயிரிழை அளவில் வெடிக்கும். வெடிப்பு வழியே நுழைந்த மழைநீர் வெளியேற வழியின்றிப் பூச்சுக்குப் பின்னாலேயே இறங்கி, சுவரின் அடியில் கிடைமட்டமாகக் கிடக்கும் கீழ்க்கட்டையில் தேங்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். அந்த ஈர ஓக்கைத் தேடி வண்டும் வரும். வெளியே சுவர் பளிச்சென்று இருக்கும், உள்ளே கட்டை புட்டாகியிருக்கும். குத்தூசியால் அழுத்திப் பாருங்கள், எளிதாக இறங்கினால் சங்கதி முற்றிவிட்டது. தெரு மட்டம் உயர்ந்து, கீழ்க்கட்டைக்கும் தரைக்கும் இடையே 15 செ.மீ. இடைவெளிகூட இல்லாமல் போன வீடுகளில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

சரியான பூச்சுக்கு அளவு இதுதான்: ஊறிய சுண்ணாம்புக் களி ஒரு பங்கு, உருளாத, சொரசொரப்பான மணல் மூன்று பங்கு, பிடிப்புக்கு ஆட்டு முடி. மூன்று தடவையாக, மொத்தம் இரண்டு செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகப் பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் இறுகிய பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் விரிசல் நிச்சயம். ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவாக உலரவிட வேண்டும். உறைபனிக் காலத்தில் தொடவே கூடாது, உள்ளிருக்கும் நீர் உறைந்து பூச்சு உதிர்ந்துவிடும். கடைசியில் பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பை, சுவரை நனைத்துவிட்டு, நான்கைந்து முறை அடிப்பார்கள். சஃபோக்கின் பெயர்பெற்ற இளஞ்சிவப்பு நிறம் இதில் காவி மண் கலந்தால் கிடைக்கும். அந்த நிறத்துக்கு மாட்டு ரத்தம் கலந்தார்கள் என்ற கதை கேட்கச் சுவையானது, அவ்வளவே. இதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

கட்டுரையில் வரும் "கறுப்பு வெள்ளை வீடுகள்" என்ற வர்ணனையும் இந்தப் பகுதிக்குப் பொருந்தாது. லாவன்ஹாமில் ஓக் பெரும்பாலும் வெளிறிய சாம்பல் நிறத்திலேயே விடப்பட்டிருக்கிறது. பல வீடுகளில் பூச்சு சட்டத்தையே மூடியிருக்கும். கிளேர் போன்ற ஊர்களில் அந்தப் பூச்சிலேயே பூவேலையும் செய்திருக்கிறார்கள்.

அங்கே வீடு வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இவற்றில் பல 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். அவற்றின் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியின்றிச் செய்வது கிரிமினல் குற்றம். பூச்சை அகற்றும் முன் உள்ளூர் மன்றத்தின் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலரைக் கேட்டுவிடுங்கள். சிமெண்டை இயந்திரச் சுத்தியலால் பெயர்க்கவும் வேண்டாம். பல இடங்களில் அது இரும்பு வலைமேல் பூசப்பட்டிருக்கும், இழுத்தால் பின்னாலுள்ள பழைய களிமண்ணும் சேர்ந்து வந்துவிடும். ஓர் ஓரத்தில் ஓரடிச் சதுரம் மட்டும் கையுளியால் திறந்து, உள்ளே மரம் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகே கொத்தனாரிடம் கூலி பேசுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
இப்ஸ்விச்